ஜோடி நாக்கு

ஒருத்தர் மென்று தின்றால் இன்னொருத்தருக்கு ருசி தெரியும் என்று அந்த டாக்டர் சொன்னபோது, இவனும் கம்பெனிக்காரனிடம் கமிஷன் வாங்குகிறான் என்றுதான் நினைத்தேன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியை வாலிபத்திலிருந்து ஓட்டியவன் நான். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்க வைத்துக்கொண்டு காட்டில் நடந்து, தேங்காய் எழுந்து நின்ற இடத்தில் தண்ணீர் இருக்கிறது என்று சொன்ன ஆட்களை ஊர் ஊராகப் பார்த்திருக்கிறேன். அவர்கள் காட்டிய இடத்தில் ஆயிரம் அடிக்கு மேல் போட்டு, புழுதியைத் தவிர வேறொன்றும் வராமல் திரும்பியிருக்கிறேன். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் தேங்காய் வேறாகிவிடாது.

என் வீட்டுக்காரி அத்தாயிக்குக் கன்னத்தில் புற்று. திருச்செங்கோட்டில் தறிக்குடோனில் வேலை செய்தவள். தறி ஓடுகிற சத்தத்தில் யாரோடும் பேச முடியாது, தூக்கமும் வரக்கூடாது என்று வெற்றிலையும் புகையிலையும் கன்னத்தில் அடக்கிக்கொள்வாள். முதலில் உள்கன்னத்தில் வெள்ளையாகப் படர்ந்தது. அப்புறம் வாய் திறப்பது சுருங்கிக்கொண்டே வந்து, ஒரு விரல் நுழையும் அளவில் நின்றது. அப்புறம்தான் ஆறாத புண். ஈரோட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள். அறுத்த இடத்துக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைத்தார்கள். கரண்ட் புண்ணைக் கருக்கியது, கூடவே எச்சிலையும் நாக்கையும் கருக்கிவிட்டது. சோற்றை வாயில் வைத்தால் மணல் மாதிரி இருக்கிறது என்றாள். முழுங்கினால் மூச்சுக்குழலுக்குப் போகிறது என்று, வயிற்றில் ஓட்டை போட்டு ரப்பர் குழாய் வைத்து அனுப்பினார்கள். பேச்சு மட்டும் மிஞ்சியது. குழறலாக இருக்கும். எனக்குப் புரியும்.

சில மாதத்தில் கழுத்தில் மறுபடி கட்டி வந்தது. டாக்டர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "இனி அறுக்கறதுக்கு எடமில்லைங்க பெரியவரே" என்றார். நான் வெளியே வந்தபோது அத்தாயி என் முகத்தைப் பார்த்தாள். நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பஸ்ஸில் வரும்போது மட்டும் சொன்னாள்.

"ஏனுங், போறதுக்குள்ள ஒருக்கா அரிசிம்பருப்புச் சோறு திங்கோணுமுங். நெய் ஊத்தி."

"திங்கலாம் புள்ள" என்றேன். வேறு என்ன சொல்வது.

அவளுக்குக் குழாயில் மாவுக்கரைசலை ஊற்றிவிட்டு, அடுப்படியில் உட்கார்ந்து நான் சோறு பிசைய என்னால் முடியவில்லை. குழம்பு கொதித்தால் வாசம் அவள் கட்டிலுக்குப் போகும். நாக்குத்தான் செத்ததே தவிர மூக்கு சாகவில்லை. அதனால் அடுப்பையே பற்ற வைக்காமல் விட்டேன். தெருமுக்கு பேக்கரியில் டீயும் பன்னும். சில நாள் டீ மட்டும். ரிக் வண்டிக்காரன் எல்லோருக்கும் இருக்கிற குடல்புண் எனக்கும் உண்டு. வெறும் வயிற்றில் டீ ஊற்ற ஊற்ற அது நெஞ்சு வரைக்கும் எரிந்தது. ஒருநாள் வெளிக்குக் கருப்பாகப் போனது. அது ரத்தம் என்று எனக்குத் தெரியும். யாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

"சாப்புட்டீங்ளா?" என்று கட்டிலில் இருந்து கேட்பாள்.

"ஆச்சு."

"என்னங் சாப்புட்டீங்?"

"சோறுதான்."

"அடுப்பே எரியல. சோறு தானா வெந்துச்சாக்கும்."

வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட ஆரம்பித்திருந்தேன். அதை அவள் படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் ஓசூரில் இருக்கிற என் மகள் வளர்மதி எங்கேயோ விசாரித்து, எழுதிப்போட்டு, இந்தக் கருவிக்கு ஏற்பாடு செய்தாள். ஆஸ்பத்திரியில் எல்லோரும் அதை ஜோடி நாக்கு என்றார்கள். கம்பெனி வைத்த பெயர் இங்கிலீஷில் ஏதோ இருந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் வைத்து அதைக் காட்டக் கம்பெனியில் இருந்து வந்தது ரெஜினா என்கிற பெண். என் மகளைவிடச் சின்ன வயது. பையைக் கீழே வைப்பதற்கு முன்னாலேயே நான் கேட்டேன்.

"நாக்கே கருகிப்போச்சுன்னு சொன்னாங்க. அப்பறம் எதுல அம்மணி ருசி தெரியும்?"

"நாக்குங்கறது சுவிட்சு மாதிரிங்க ஐயா. அம்மாவுக்குச் சுவிட்சு போச்சு. உள்ள ஓடுற ஒயரு நல்லா இருக்குது. காதுக்குப் பின்னால ஒரு பட்டன் ஒட்டி, அந்த ஒயர்லயே நேரா குடுத்தரலாம்."

"எதக் குடுப்ப?"

"சாப்பிடறவங்க வாயில என்ன ருசியோ, அத. அவங்க மேல்வாயில ஒரு தகடு மாட்டிக்குவாங்க. பல்செட் மாதிரி. சோத்துச் சாறு அதுல பட்டா போதும், இது புளிப்பு, இது இனிப்புன்னு அதுவே சொல்லிரும்."

"பொய் சொல்லாதா?"

அவள் சிரித்தாள். "தகடுங்க ஐயா. அதுக்கு எதுக்குப் பொய்யி."

ரெஜினா தன் வாயில் ஒரு தகட்டை மாட்டிக்கொண்டாள். அத்தாயியின் காதுக்குப் பின்னால் பட்டனை ஒட்டினாள். திரும்பி நின்று, கைப்பையில் இருந்து எதையோ எடுத்துக் கடித்தாள். அத்தாயியின் கண்ணுக்குத் தெரியாதபடி மறைத்துக்கொண்டுதான் செய்தாள், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தாயியின் உடம்பு ஒரு தடவை தூக்கிப்போட்டது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"கடல முட்டாயி" என்றாள். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "பாகு கருகிப்போச்சு" என்றாள்.

ரெஜினா கடித்த மிட்டாயைப் பார்த்தாள். "ஆமாங்மா. லேசாக் கசக்குது."

"இன்னொரு கடி கடி கண்ணு."

அன்றைக்கு நான் நம்பினேன். இல்லை என்று சொல்லமாட்டேன்.

அதே வராந்தாவில் ஒரு மில் முதலாளி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவருடைய வாட்ச்மேன். முதலாளிக்குச் சர்க்கரை வியாதி, வாட்ச்மேன் வாயில் தகடு. ஜிலேபியை வாட்ச்மேன் தின்றார், முதலாளி கண்ணை மூடிக்கொண்டு சப்புக்கொட்டினார். முதலாளி உள்ளே போனதும் வாட்ச்மேன் என்னிடம் மெதுவாகச் சொன்னார். "எனக்கும் சக்கர வந்துருச்சுங்ணா. இனி எனக்குத் திங்க ஒரு ஆளு தேடோணும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எந்தக் கருவி வந்தாலும் கடைசியில் எவன் வயிற்றில் போய் முடிகிறது என்று பார்த்தால் போதும்.

வீட்டில் கொண்டுவந்து மாட்டுவதற்கு ரெஜினா புதுப் பெட்டியோடு வந்தாள். வந்ததும் நெட் வேண்டும் என்றாள்.

"எதுக்கு?"

"தகடு ஒழுங்கா வேல செய்யுதான்னு எங்க ஆபீஸ்ல இருந்தே பாத்துக்குவாங்க ஐயா. ஏதாச்சும் கோளாறுன்னா நாங்களே கூப்புட்டுருவோம்."

"நாங்க என்ன திங்கறோம், எப்பத் திங்கறோம்னு உங்க ஆபீஸ்காரனுக்குத் தெரியுமா?"

"அது... கணக்குக்குத்தானுங்க."

"அந்தக் கணக்க மசாலாக் கம்பெனிக்காரனுக்கு விப்பீங்க. நெட்டு வேண்டாம். எங்க ஊட்டுச் சோத்த எவனும் எட்டிப் பாக்க வேண்டாம்."

ரெஜினா அத்தாயியைப் பார்த்தாள். அத்தாயி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "உடு கண்ணு. அவரு அப்பிடித்தான். அந்த டிவி ரிமோட்டப் பாரு" என்றாள்.

ரிமோட் பாலிதீன் உறைக்குள் இருந்தது. ரப்பர் பேண்டு போட்டிருந்தேன். பிரிட்ஜ் கதவிலும் கம்பெனிக்காரன் ஒட்டின தாள் அப்படியே இருந்தது. அதில் தப்பு ஒன்றும் இல்லை. புது ரிக் வண்டி எடுத்தால் சீட்டுக் கவரைக் கிழிக்கவே மாட்டோம். தானாகக் கிழிந்து தொங்குகிற வரைக்கும் அதன்மேல்தான் உட்காருவோம். பொருள் பொருளாக இருக்கும்.

"என்னையும் கவர் போட்டுத்தான் வெச்சிருந்திருப்பாரு" என்றாள் அத்தாயி. "கண்ணாலத்தப்ப அந்த அளவுக்குக் கவர் கெடைக்கல."

ரெஜினா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் கண்டிப்பாகவே சொன்னேன். "இத பாரு அம்மணி. ஒரு நாள் இது வேல செய்யலீன்னு தெரிஞ்சாலும் தெருவுல வீசிப்போடுவேன். அப்பறம் இந்த ஊட்டுப் படி நீ ஏற வேண்டாம்."

"செய்யுமுங்க ஐயா. வாயத் தொறங்க, நானே மாட்டி உடறேன்."

"பல்செட்டு மாட்டறவனுக்குத் தகடு மாட்டத் தெரியாதா? கொண்டா."

"இல்லீங்க, மொத தடவ மாட்டறப்ப..."

"எனக்குத் தெரியும். நீ கெளம்பு."

பெட்டிக்குள் ஒரு காகிதம் இருந்தது. இங்கிலீஷும் இந்தியும். அதை மடித்து ஜன்னல் கம்பியில் சொருகினேன். சோறு வெந்த பிறகு தகட்டை எடுத்து, நல்ல தண்ணீரில் கழுவி, மேல்வாயில் அமுக்கினேன். பச்சை விளக்கு எரிந்தது. அத்தாயி காதுப் பட்டனிலும் பச்சை எரிந்தது.

அவள் முதலில் கேட்டது என்னவோ அதுதான். அரிசிம்பருப்புச் சோறு. சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம் தாளித்து, துவரம்பருப்போடு அரிசியைப் போட்டு வேக வைத்திருந்தேன். ரிக் வண்டியில் பத்துப் பேருக்குப் பொங்கிப் போட்டவன் நான், சமையல் எனக்குப் புதிது இல்லை. கட்டிலுக்கு எதிரில் உட்கார்ந்து, நெய் ஊற்றிப் பிசைந்து, முதல் வாய் போட்டேன்.

அவள் ஒன்றும் சொல்லவில்லை.

இரண்டாவது வாய் போட்டேன். மெதுவாக மென்றேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் பார்த்தாள். நான் சாப்பிடுகிறதைப் பார்த்தாள், என் கழுத்து எலும்பைப் பார்த்தாள், தட்டைப் பார்த்தாள்.

"என்ன புள்ள? தெரியுதா இல்லியா?"

"ஏனுங்" என்றாள். "உப்பு பத்தல."

எனக்கு உயிரே வந்தது. எழுந்து போய் உப்பைக் கொண்டுவந்து போட்டுப் பிசைந்தேன். "இப்ப?"

"இப்பச் செரி. இன்னொரு வாய் போடுங்."

போட்டேன்.

"இன்னொரு வாய்."

தட்டுச் சோறு முழுக்கத் தின்றேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு என் வயிறு நிறைந்தது அன்றைக்குத்தான். அவள் வயிற்றுக்குக் குழாயில் மாவுக்கரைசல், அவள் வாய்க்கு என் வாய்.

"கண்ணாலத்தன்னைக்கு நீங்க தின்ன எலைலயே எனக்குச் சோறு போட்டாங்க" என்றாள். "எச்சி எலைலயான்னு அழுகாச்சியா வந்துச்சு. இப்பப் பாருங், எலையே இல்லாம எச்சி."

அதற்கப்புறம் அவளைத் தீனிப் பிசாசு பிடித்துக்கொண்டது. விடிந்ததும் பசிக்குது என்பாள். இட்லி ஊத்துங் என்பாள். எனக்குப் பசி இல்லை என்று சொன்னால், "உங்குளுக்குப் பசி இல்லீன்னா எனக்குப் பசிக்குதில்ல" என்பாள். மத்தியானம் நேரம் தப்பக் கூடாது. பொழுது சாய்ந்தால் கஞ்சி. பேக்கரி டீ வேண்டாம், அந்தத் துவர்ப்பு வாயிலேயே நிற்குது என்றாள், விட்டுவிட்டேன்.

ஒரு விஷயம் மட்டும் எனக்கு விசித்திரமாக இருந்தது. அத்தாயி காரத்துக்குப் பேர்போனவள். பள்ளிபாளையம் கோழி வறுத்தால் மிளகாயைப் பொறுக்கித் தின்பவள். அப்படிப்பட்டவள் இப்போது மிளகாயே போடாதீர்கள் என்றாள்.

"காரம் அந்தப் பட்டன்ல சுருக்சுருக்குன்னு குத்துதுங்."

"சிக்கன் வறுக்கட்டா? மொளகாய் கம்மியா?"

"வேண்டாமுங். மணத்தக்காளிக் கீர கடைங்க. தேங்காப்பால் ஊத்திக்கங்."

"அது கசக்குதுன்னு நீ கிட்டவே உடமாட்டியே?"

"சாவப்போற காலத்துல நாக்கு மாறிப்போச்சுங். கேட்டத ஆக்கிப்போடாம வக்கீல் மாதிரிப் பேசறீங்."

அதனால் ஒருநாள் மணத்தக்காளி, ஒருநாள் மோர்ச்சோறு, ஒருநாள் பச்சைப்பயிறு கடைசல், வாரத்தில் ஒருநாள் அரிசிமாவை அவித்துப் பிழிந்து தேங்காய்ப்பாலோடு சந்தகை. பத்தியக்காரன் வீட்டுச் சமையல் மாதிரி. தின்றேன். அவள் கேட்கிறாள் என்று தின்றேன். வேட்டி பெல்ட் இல்லாமல் நின்றது. நெஞ்செரிச்சல் எப்போது நின்றது என்று எனக்கே தெரியாது. ஒருநாள் யோசித்தபோது இல்லை.

ஆனாலும் நான் நான்தான். எதையும் சோதித்துப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. ஒருநாள் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுப்படியில் நின்று, ஒரு துண்டு மாங்காயை உப்பில் தொட்டு வாயில் போட்டேன். மென்றுகொண்டே திரும்பினேன்.

"என்ன ருசி, சொல்லு பாப்போம்."

அவள் போர்வை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அட சொல்லு. புளிப்பா, இனிப்பா?"

அவள் முகம் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டது. தோள் குலுங்கியது. "கட்டுன பொண்டாட்டிய இப்பவும் பரீட்ச வெச்சுப் பாக்கறீங்ளா" என்றாள். "ஊர்ல எவனையும் நம்பல. செரி. என்னையுமாங்?"

மாங்காய் என் வாயில் அப்படியே நின்றுவிட்டது. கட்டில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இனிமேல் அப்படிச் செய்யமாட்டேன் என்றேன். அவள் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டு, "மத்தியானத்துக்கு மோர்ச்சோறு" என்றாள். அதற்கப்புறம் நான் சோதிக்கவில்லை.

ரெஜினா நடுவில் போன் செய்வாள். அத்தாயி காதில் வைத்துக் கொடுப்பேன். "அருமையா இருக்குது கண்ணு" என்பாள். "என்ற ஊட்டுக்காரரு சமைக்கறதுதான் சுமாரு. மிஷினு நல்லா இருக்குது."

கழுத்துக் கட்டி பெரிதானது. பேச்சு குறைந்தது. வலி மருந்தில் முக்கால்வாசி நேரம் தூங்கினாள். விழிக்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான், சாப்புட்டீங்ளா. அவள் தூங்கும்போது நான் சாப்பிட்டால் ருசி அவளுக்குப் போகாதே என்று காத்திருப்பேன். அதற்கும் திட்டுவாள். "தூக்கத்துலயும் ருசி தெரியுதுங். நேரத்துக்குத் தின்னுபோடுங்."

கடைசி நாள் சாயங்காலம், "நாளைக்குக் காத்தால என்னங் ஆக்குவீங்?" என்று கேட்டாள்.

"சந்தகை புழியட்டா?"

"புழிங். உப்புப் போட மறந்தராதீங்."

விடியும்போது அவள் இல்லை. மாவு அரைத்து வைத்திருந்தேன்.

காரியங்கள் முடிந்து, வளர்மதி ஓசூருக்குப் போன பிறகு ரெஜினா கருவியைத் திரும்ப வாங்க வந்தாள். மத்தியான வெயில். நான் பெட்டியைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தேன். தகட்டைக் கழுவி மெல்லிய துணியில் சுற்றியிருந்தேன்.

"பாத்துக்க அம்மணி. ஒரு கீறல் இல்ல. எப்பிடிக் குடுத்தயோ அப்பிடியே இருக்குது."

ரெஜினா அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். திருப்பினாள். ஓரத்தில் நகத்தால் கீறினாள். வெங்காயத் தோல் மாதிரி ஒரு தாள் உரிந்து அவள் விரலில் ஒட்டிக்கொண்டு வந்தது.

"ஐயா" என்றாள். "இத எடுக்கவே இல்லீங்ளா?"

"கீறல் உழுகாம இருக்க ஒட்டுனதுதான அது? பத்தரமா இருக்கட்டும்னு உட்டுட்டேன். உங்க பொருளுல்ல?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் உட்காரச் சொல்லவில்லை, அவளாகவே உட்கார்ந்தாள்.

"இது மேல இருந்தா சோத்துச் சாறு தகட்டுல படாதுங்க ஐயா."

"பட்டுச்சே. பச்ச லைட்டு எரிஞ்சுச்சே."

"லைட்டு, தகடும் பட்டனும் பேசிக்குதான்னு காட்டறதுங்க. என்ன பேசிக்குதுன்னு காட்டாது." தாளை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தாள். "நெட்டு இருந்திருந்தா மொத நாளே எங்குளுக்குத் தெரிஞ்சிருக்கும். ஒண்ணுமே வரல, என்னன்னு பாருன்னு சொல்லிருப்பாங்க. ஆனா நான் போன்ல கேட்டனுங்களே. அம்மா அருமையா இருக்குதுன்னாங்களே."

எனக்குக் கோபம்தான் வந்தது. "பொய் சொல்ற. உன்ற தகடு கெட்டுப்போச்சு, அத மறைக்க எம்மேல பழி போடற. அவளுக்குத் தெரிஞ்சுச்சு. மொத வாயிலயே சொன்னா, உப்பு பத்தலன்னு. செரியாச் சொன்னா."

ரெஜினா எழுந்தாள். தகட்டைக் கழுவி, என்னிடம் கேட்காமலே தன் வாயில் மாட்டிக்கொண்டாள். பட்டனை எடுத்து என் காதுக்குப் பின்னால் வைத்து அழுத்தினாள். அடுப்படி அலமாரியில் இருந்த உப்பு ஜாடியில் விரலை விட்டு, நாக்கில் வைத்தாள்.

என் வாய் முழுக்க உப்பு கரித்தது. வாயில் ஒன்றும் இல்லை, ஆனால் கரித்தது.

பட்டனைப் பிய்த்து அவள் கையில் கொடுத்தேன். கட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள், வெறும் கயிறுதான் இருந்தது.

உப்பு பத்தாது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? கட்டிலில் இருந்து பார்த்தால் அடுப்பு தெரியும். நான் உப்புப் போடுகிற கையை இத்தனை வருஷம் பார்த்தவள். ரிக் வண்டியில் பத்துப் பேருக்குப் பத்து விதமாக உப்பு வேண்டும், அதனால் சட்டியில் குறைவாகப் போட்டுவிட்டு அவரவர் போட்டுக்கொள்ளட்டும் என்று விடுவது என் பழக்கம். வீட்டுக்கு வந்தும் அந்தக் கை மாறவில்லை. அதற்கு நாக்கு எதற்கு?

மிளகாய் எதற்கு வேண்டாம் என்றாள், டீ எதற்கு வேண்டாம் என்றாள், ஜென்மத்துக்கும் பிடிக்காத மணத்தக்காளியை எதற்குக் கேட்டாள் என்றும் அப்போதுதான் ஒவ்வொன்றாக வந்தது. வாய்ப்புண்ணுக்கும் குடல்புண்ணுக்கும் அதைத்தான் கொடுப்பார்கள் என்பது எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும். நான் கருப்பாகப் போனதை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் கறை பட்ட வேட்டியை நான் போட்ட துணி துவைக்கிற மெஷின் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

"அவ ஒரு வார்த்த சொல்லியிருந்தா?" என்று கேட்டேன்.

ரெஜினா தயங்கினாள். "நகத்துல கீறி எடுத்திருப்பனுங்க ஐயா. அம்மாவுக்கு அன்னைக்கே எல்லாம் தெரிஞ்சிருக்கும்."

"அவ கேட்ட அரிசிம்பருப்பு."

"ஆமாங்."

அந்த ஒரு வார்த்தையை அத்தாயி சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று ரெஜினா கேட்கவில்லை. கேட்க வேண்டியதும் இல்லை. தெருவில் வீசிப்போடுவேன், வீட்டுப் படி ஏறாதே என்று அவளிடமே சொல்லியிருந்தேன். அத்தாயி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தாளை உரித்தால் சரியாகிவிடும் என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த அளவுதான் அவளுக்கும் தெரியும். மிஷின் பொய் என்று நினைத்திருப்பாள். அதைச் சொன்னால் வீசிவிடுவான், வீசினால் அடுப்பை அணைத்துவிடுவான், பேக்கரிக்குப் போய் நிற்பான், நமக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடுவான் என்று கணக்குப் போட்டிருப்பாள். முதல் வாய்க்கும் இரண்டாவது வாய்க்கும் நடுவில் என் கழுத்து எலும்பைப் பார்த்தாளே, அப்போதே போட்டு முடித்திருப்பாள்.

மாங்காய்க்கு அவள் அழுதது என்னிடம் கோபித்துக்கொண்டு இல்லை. சொல்ல ஒன்றும் இல்லாமல் அழுதிருக்கிறாள்.

"நான் கெளம்பட்டுங்களா ஐயா?" என்றாள் ரெஜினா. பெட்டியை மூடியிருந்தாள். "அன்னைக்கு நானே மாட்டி உட்டிருக்கோணும். நீங்க போன்னு சொன்னதும் போயிட்டேன்."

"சாப்புட்டயா?"

"இல்லீங். போற வழியில..."

"உக்காரு."

பழக்கத்தில் அன்றைக்கும் மணத்தக்காளிதான் கடைந்திருந்தேன். அத்தாயி போன பிறகும் நேரத்துக்கு அடுப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. என் வயிறு அதற்குப் பழகிவிட்டது. வாழை இலைத் துண்டு ஒன்றைப் போட்டு ரெஜினாவுக்குச் சோறு வைத்துக் கீரை ஊற்றினேன். எனக்கும் தட்டில் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தேன். கட்டிலுக்கு எதிரில், எப்போதும் உட்காருகிற இடத்தில்.

அவள் ஒரு வாய் தின்றாள். இரண்டாவது வாய் தின்றாள். ஒன்றும் சொல்லவில்லை.

"எப்பிடி இருக்குது?"

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லா இருக்குதுங்க ஐயா" என்றாள்.

நான் எழுந்து போய் உப்பு ஜாடியைக் கொண்டுவந்து அவள் இலைக்குப் பக்கத்தில் வைத்தேன்.